விடுமுறை நாட்களில் விளைந்த அமுதம்

இல்லறத்தில் இருந்துகொண்டு இறைவனை நாடுவது எப்படி? பக்தர்கள் பெரியோர்களிடம் அடிக்கடி கேட்கின்ற கேள்வி இது. கேள்வியுடன் காரணங்களும் கூடவே வரும். அலுவலகத்திற்குப் போக வேண்டும், குழந்தைகளைப் படிக்க வைக்க வேண்டும், கூட்டுக் குடும்பத்தில் ஓயாத மனத்தாங்கல், மாதக் கடைசியில் கையிருப்பு இல்லை. இவற்றுக்கு நடுவில் தியானத்திற்கு ஏது நேரம்? இவை பொய்யான காரணங்கள் அல்ல. எனினும் இவை அத்தனையும் ஒருங்கே வாய்க்கப்பெற்ற ஒரு மனிதர் கல்கத்தாவில் வாழ்ந்தார். அவரது பெயரைவிட அவர் தமக்கு வைத்துக்கொண்ட ஓரெழுத்துதான் உலகம் அறிந்தது. அந்த எழுத்து 'ம'. ஸ்ரீராமகிருஷ்ண கதாம்ருதத்தை உலகிற்கு அளித்த மகேந்திரநாத் குப்தரே அவர்.

கதாம்ருதத்தைப் படிப்பவர்கள் குருதேவரைக் காண்கிறார்கள், எழுதியவரைக் காண்பதில்லை. அவர் விரும்பியதும் அதுவே. நூலில் தாம் வருமிடங்களில் 'மாஸ்டர்' என்றும், 'மணி' என்றும், 'ஒரு பக்தர்' என்றும் முகத்தை மறைத்துக்கொள்கிறார். திரைக்குப் பின்னால் நின்ற அந்த மனிதர் யார், எத்தகைய வீட்டிலிருந்து வந்தார், யாருடைய கணவர், யாருடைய தந்தை என்பதை அறிந்துகொண்டு அந்நூலைத் திரும்பப் படித்தால் அது இன்னும் நெருக்கமாகப் பேசும்.

மகேந்திரநாதர் 1854-இல் கல்கத்தாவில் பிறந்தார். தந்தையார் மதுசூதன் குப்தர், தாயார் ஸ்வர்ணமயி தேவி. படிப்பில் மிகச் சிறந்து விளங்கினார். பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் இரண்டாமிடம் பெற்று, பிரசிடென்சி கல்லூரியில் பயின்று, பி.ஏ. தேர்வில் மூன்றாமிடத்தில் தேறினார். மேனாட்டுத் தத்துவமும் வரலாறும் இலக்கியமும் அவருக்குக் கைவந்தவை. மாணவராக இருந்தபோதே நிகுஞ்ச தேவியுடன் திருமணம் நடந்தது. அவர் பிரம்ம சமாஜத் தலைவர் கேசவ சந்திர சேனரின் உறவினர். பின்னர் மகேந்திரநாதர் ஆசிரியப் பணியை ஏற்றார். பண்டிதர் ஈசுவர சந்திர வித்யாசாகரர் நிறுவிய மெட்ரோபாலிடன் பள்ளியின் சியாம்புகூர் கிளையில் தலைமையாசிரியரானார். கல்வி, பதவி, மனைவி, மக்கள் என உலகம் மதிக்கும் எல்லாமே இருபத்தேழு வயதுக்குள் அவருக்குக் கிட்டிவிட்டன.

ஆனால் வீட்டில் அமைதி இல்லை. கூட்டுக் குடும்பத்தில் எழுந்த பூசல்கள் நாளுக்கு நாள் முற்றின. மென்மையான உள்ளம் படைத்த அவரால் அதைத் தாங்க இயலவில்லை. 1882 பிப்ரவரி மாதத்தில் ஒரு சனிக்கிழமை இரவு மனைவியை அழைத்துக்கொண்டு வீட்டை விட்டு வெளியேறினார். வாழ்வே வேண்டாம் என்னும் அளவிற்கு மனம் கசந்திருந்தது. போகும் வழியில் வண்டிச் சக்கரம் உடைந்தது. அருகிலிருந்த நண்பரின் வீட்டுக்குச் சென்றால் அங்கே முகம் கொடுத்துப் பேசுவாரில்லை. வேறொரு வண்டியைத் தேடிப் பிடித்து நள்ளிரவில் வராகநகரில் இருந்த சகோதரியின் வீட்டைச் சென்றடைந்தார்கள். கல்கத்தாவின் தலைசிறந்த பட்டதாரிகளுள் ஒருவர், நடு இரவில், இளம் மனைவியுடன், தங்க இடமின்றித் தெருவில் நின்ற அந்தக் காட்சியை நினைத்துப் பார்க்க வேண்டும்.

மறுநாள் பிப்ரவரி 26, ஞாயிற்றுக்கிழமை. மருமகன் முறையான சித்து என்ற இளைஞர் அவரைக் கங்கைக் கரைத் தோட்டங்களில் உலாவ அழைத்துச் சென்றார். ஒரு தோட்டத்தைப் பார்த்த பின், இன்னொரு அழகிய தோட்டம் இருக்கிறது, அங்கே ஒரு பரமஹம்சர் வசிக்கிறார் என்று சித்து சொன்னார். அந்திப் பொழுதில் இருவரும் தட்சிணேசுவரக் கோயிலுக்குள் நுழைந்தார்கள். அறை நிறைய மக்கள் அசையாமல் அமர்ந்திருக்க, கட்டிலில் அமர்ந்து சிரித்த முகத்துடன் பேசிக்கொண்டிருந்தார் ஸ்ரீராமகிருஷ்ணர். கதாம்ருதம் தொடங்கும் இடம் இதுதான். இந்த மனிதர் முந்தின இரவு என்ன நிலையில் இருந்தார் என்பதைப் பற்றி நூலில் அவர் விரித்துச் சொல்வதில்லை. சாவை எண்ணி வீட்டை விட்டவர் வந்து சேர்ந்த இடம் அது என்பது தெரிந்தால், அறை வாசலில் அவர் வியந்து நின்றதன் பொருள் வேறாகிவிடுகிறது.

இரண்டாம் முறை அவர் சென்றபோது குருதேவர் கேட்ட கேள்விகள் சுவையானவை. அவர் வேதாந்தத்தில் தொடங்கவில்லை; திருமணம் ஆகிவிட்டதா என்று கேட்டார். ஆம் என்றதும், ஐயோ, மணமாகிவிட்டதே என்று ராம்லாலிடம் சொல்லி வருந்தினார். குழந்தைகள் உண்டா என்று கேட்டார். உண்டு என்று சொல்லும்போது மகேந்திரநாதரின் நெஞ்சு படபடத்தது. பெருங்குற்றம் செய்தவர்போல் தலை குனிந்தார். அடுத்து, மனைவி எப்படிப்பட்டவள் என்ற கேள்வி வந்தது. நல்லவள்தான், ஆனால் அறியாமை உடையவள் என்றார் பட்டதாரிக் கணவர். அப்படியானால் நீர்தான் அறிவாளியோ என்று குருதேவர் சற்றுச் சினத்துடன் திருப்பிக் கேட்டார். புத்தகம் படித்தவர்கள் அறிவாளிகள், படிக்காதவர்கள் அறிவிலிகள் என்று அதுவரை எண்ணிவந்த ஆசிரியருக்கு அன்று முதல் அடி விழுந்தது.

அதைக் கவனிக்க வேண்டும். சீடருக்குக் குரு முதன்முதலில் திருத்திக் கொடுத்தது, மனைவியை அவர் பார்த்த பார்வையை. இறைவனைப் பற்றிய கருத்துகளைத் திருத்தியது அதற்குப் பிறகுதான்.

அதே சந்திப்பில் மகேந்திரநாதர் உலகத்தில் எப்படி வாழ்வது என்று கேட்டார். எல்லாக் கடமைகளையும் செய், மனத்தை மட்டும் இறைவனிடம் வை என்பதே விடையின் சாரம். பணக்கார வீட்டில் வேலை செய்யும் பணிப்பெண், எஜமானின் குழந்தைகளைத் தன் குழந்தைகளைப்போல் வளர்த்தாலும், தன் வீடு எங்கோ கிராமத்தில் இருப்பதை மறப்பதில்லை என்ற உவமையைச் சொன்னார். கையில் எண்ணெய் தடவிக்கொண்டு பலாப்பழம் அரியும் உவமையையும் சொன்னார். பலாப்பழம் அரிந்து கை பிசுபிசுத்த அனுபவம் உள்ள எவருக்கும் அதற்கு விளக்கவுரை தேவைப்படாது. ஒன்றை மட்டும் இங்கே சொல்லலாம். எண்ணெய் தடவிக்கொள்ளச் சொன்னாரேயன்றி, பழத்தை அரியாதே என்று குருதேவர் சொல்லவில்லை.

இனி அந்தக் கைகள் பழம் அரிந்த விதத்தைப் பார்ப்போம்.

மகேந்திரநாதர் சம்பளத்திற்கு உழைத்தவர். நினைத்த நேரத்தில் தட்சிணேசுவரம் செல்ல அவரால் இயலாது. பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் விடுமுறை நாட்களிலும், பள்ளி முடிந்த மாலை வேளைகளிலும்தான் அவர் குருதேவரிடம் சென்றார். கதாம்ருதத்தின் பக்கங்களில் திதியும் வாரமும் குறிக்கப்பட்டிருப்பதைக் கவனித்தவர்கள், அங்கே ஞாயிற்றுக்கிழமைகளும் பண்டிகை நாட்களும் திரும்பத் திரும்ப வருவதைக் காணலாம். அது ஒரு தலைமையாசிரியரின் நாட்காட்டி. துறவியர் பலர் இரவும் பகலும் குருதேவருடன் இருந்தார்கள். அவர்களுக்குக் கிடைத்தவை நாமறியாதவை. ஓய்வு நாட்களில் மட்டும் வர முடிந்த இல்லறத்தாருக்குக் கிடைத்ததைத்தான் இன்று உலகம் படித்துக்கொண்டிருக்கிறது. நேரமில்லை என்பவர்கள் இதைச் சற்றே எண்ணிப் பார்ப்பது நல்லது.

சிறுவயதிலிருந்தே அவருக்கு நாட்குறிப்பு எழுதும் பழக்கம் உண்டு. தட்சிணேசுவரத்திலிருந்து வீடு திரும்பியதும், எத்தனை நேரமானாலும், கேட்டதையும் கண்டதையும் சுருக்கமாகக் குறித்து வைப்பார். சில குறிப்புகள் ஒரு சில சொற்களே. பிற்காலத்தில் அவற்றை விரித்து எழுத அமர்ந்தபோது, முதலில் அந்தக் காட்சியைத் தியானிப்பார். குருதேவர் எந்தப் பக்கம் பார்த்து அமர்ந்திருந்தார், அறையில் யார் யார் இருந்தார்கள், கங்கையில் ஏற்றமா வற்றலா, எந்தப் பாட்டு பாடப்பட்டது என்று மனத்திற்குள் அந்த நாள் மீண்டும் உயிர்பெறும்வரை பேனாவைத் தொடமாட்டார். இவ்வாறு ஒரே நாளின் குறிப்பை எண்ணி எண்ணிப் பல நாட்கள் கழித்து எழுதியதும் உண்டு. இதற்கென்று தனியாக ஆசிரமம் இருக்கவில்லை. இவையெல்லாம் மனைவி மக்கள் உள்ள ஒரு வீட்டில் நடந்தவை.

துறவு பூண வேண்டும் என்ற ஆசை அவருக்கு எழாமல் இல்லை. 1883 டிசம்பரில் தட்சிணேசுவரத்திலேயே சில வாரங்கள் தங்கிச் சாதனை செய்தார். குருதேவரிடம் தமது ஆசையை வெளியிட்டபோது அனுமதி கிட்டவில்லை. பாகவதம் சொல்லும் பண்டிதரை அன்னை ஏதேனும் ஒரு கட்டினால் உலகத்தில் பிணைத்து வைக்கிறாள். இல்லாவிட்டால் மக்களுக்குப் பாகவதம் சொல்ல ஆள் இராது. அதற்காகவே உன்னையும் வைத்திருக்கிறாள் என்னும் கருத்தில் குருதேவர் அவரைத் தேற்றினார். அக்காலத்தில் தம்மிடம் ஒரு நாட்குறிப்பு வளர்ந்து வருவதும், அது பிற்காலத்தில் ஒரு பாகவதமாக ஆகப்போவதும் மகேந்திரநாதருக்கே தெரிந்திருக்குமா என்பது ஐயமே.

குருதேவருக்குத் தொண்டு செய்ததிலும் அவர் கற்றுக்கொண்டார். ஒருமுறை குருதேவர் சில உடைகள் வாங்கி வரச் சொன்னார். அன்பு மிகுதியால் மகேந்திரநாதர் கேட்டதற்கு அதிகமாக வாங்கி வந்தார். கேட்டதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைத் திரும்ப எடுத்துப் போகச் சொல்லிவிட்டார் குருதேவர். சேர்த்து வைப்பதே குடும்ப வாழ்வின் இலக்கணம் என்று நினைப்பவர்களுக்கு இது சிறு நிகழ்ச்சி. அவருக்கு அது பாடமாயிற்று.

அவருடைய பள்ளி மாணவர்களுள் பலரைத் தட்சிணேசுவரத்திற்கு அழைத்துச் சென்றார். பின்னாளில் சுவாமி பிரேமானந்தராக விளங்கிய பாபுராம் அவரது பள்ளியில் படித்தவர், பூர்ணனும் அவ்வாறே. பெற்றோர் சிலர் இதை விரும்பவில்லை. 'பிள்ளை பிடிக்கிற வாத்தியார்' என்று ஊரில் அவருக்குப் பெயர் வந்தது.

இந்த அன்புக்கு அவர் விலையும் கொடுத்தார். 1886-இல் பள்ளித் தேர்வு முடிவுகள் எதிர்பார்த்தபடி அமையவில்லை. தலைமையாசிரியர் பரமஹம்சரிடம் அடிக்கடி செல்வதே காரணம் என்ற கருத்தை வித்யாசாகரர் வெளியிட்டார். வித்யாசாகரர் பேரறிஞர், கருணைக்கடல். மாணவர்களின் நலன் கருதியே அவர் அவ்வாறு எண்ணியிருக்க வேண்டும். 1882 ஆகஸ்ட் 5 அன்று குருதேவரை அவரது இல்லத்திற்கே அழைத்துச் சென்றவரும் மகேந்திரநாதர்தான். ஆயினும் குருதேவரிடம் செல்வதைக் குறையாகச் சொன்ன சொல்லைத் தாங்க முடியாமல் அவர் பதவியை விட்டு விலகினார். குருதேவர் அப்போது காசிப்பூரில் நோயுற்றுக் கிடந்தார். செய்தி கேட்டு, நீ செய்தது சரி என்றார். சரிதான், வீட்டிற்கு அரிசி வேண்டுமே! குடும்பத்தை எப்படிக் காப்பது என்ற கவலையுடன் மகேந்திரநாதர் வீட்டுத் தாழ்வாரத்தில் உலாவிக்கொண்டிருந்த நாட்கள் அவை. சிறிது காலத்தில் வேறு பணி தேடி வந்தது. கொள்கைக்காக வேலையை விடுவது துறவிக்கு எளிது. அரிசிப் பானையை அறிந்தவன் விடும்போதுதான் அதன் எடை தெரியும்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய சோதனை அந்த வீட்டிற்குள் நிகழ்ந்தது. நிகுஞ்ச தேவி ஒரு மகனைப் பறிகொடுத்தார். துயரம் அவரைப் பித்துப் பிடித்தவர்போல் ஆக்கிவிட்டது. படித்த கணவரின் தத்துவங்கள் ஒரு தாயின் முன் என்ன செய்யும்? குருதேவர் அவரை அழைத்துவரச் சொன்னார்.

1886 ஏப்ரல். காசிப்பூர்த் தோட்ட வீடு. குருதேவரின் தொண்டையில் புற்றுநோய். பேசவும் உண்ணவும் இயலாத நிலை. மகேந்திரநாதர் மனைவியுடனும் ஏழு வயது மகனுடனும் அங்கு வந்தார். அன்று குருதேவர் தமக்குச் சிறு சிறு பணிவிடைகள் செய்யும் வாய்ப்பைப் பலமுறை அந்தத் தாய்க்குக் கொடுத்தார். மாலையில் அன்னை ஸ்ரீசாரதாதேவி அவருக்கு உணவு ஊட்ட வந்தபோது, நிகுஞ்ச தேவி கையில் விளக்கேந்தி உடன் வந்தார். உயிர் போகும் வேதனையில் இருந்த குருதேவர், வீட்டு விவரங்களை ஒவ்வொன்றாகப் பரிவுடன் கேட்டார். சில நாட்கள் இங்கே வந்து அன்னையுடன் தங்கியிரு, கைக்குழந்தையையும் மறக்காமல் எடுத்து வா என்றார்.

இவ்வளவுதான் நிகழ்ந்தது. மரணத்தைப் பற்றி உபதேசமில்லை, ஆத்மா அழிவற்றது என்ற விளக்கமில்லை. அழுகிற ஒரு பெண்ணின் கையில் விளக்கைக் கொடுத்தார்கள். ஒரு நோயாளிக்குப் பணிவிடை செய்யச் சொன்னார்கள். குழந்தையுடன் வந்து தங்கச் சொன்னார்கள். துக்க வீட்டிற்குச் செல்லும்போது எதைப் பேசுவது என்று தெரியாமல் தத்துவம் பேசிவிட்டு வருகிறவர்கள் கதாம்ருதத்தின் இந்தப் பகுதியை ஒருமுறை படிக்க வேண்டும். அப்பகுதியில் தாயின் துயரத்தைச் சொல்கின்ற 'ம', தந்தையின் துயரத்தை எழுதாமல் விட்டுவிடுகிறார். மகனை இழந்தவர் அவரும்தான். அன்றைய இரவும் அவர் நாட்குறிப்பு எழுதினார் என்பதால்தான் இன்று அந்த விளக்கொளி நமக்குத் தெரிகிறது.

முதலில் தம்மால் 'அறியாமை உடையவள்' என்று சொல்லப்பட்ட மனைவியைத்தான் குருதேவரின் கட்டிலருகே விளக்குடன் நிற்கும் நிலையில் அவர் நூலில் நிறுத்தியிருக்கிறார் என்பதும் நோக்கத்தக்கது. 1886 ஆகஸ்ட் 16 அன்று குருதேவர் மகாசமாதி அடைந்தபின், அன்னை பிருந்தாவன யாத்திரை சென்றபோது உடன் சென்றவர்களுள் நிகுஞ்ச தேவியும் ஒருவர்.

இளம் துறவியர் வராகநகரில் ஒரு பாழடைந்த வீட்டில் மடம் தொடங்கினார்கள். அரைப்பட்டினி வாழ்க்கை. அவர்களுக்குத் துணை நின்ற இல்லறத்தாருள் மகேந்திரநாதரும் ஒருவர். ஒரு காலத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட பள்ளிகளில் பணியாற்றி, ஒன்றின் வருவாயை மடத்திற்கும், ஒன்றின் வருவாயை அன்னைக்கும், மற்றதைக் குடும்பத்திற்கும் அளித்ததாகச் சொல்வார்கள். தந்தையை இழந்து வறுமையில் வாடிய நரேந்திரரின் குடும்பத்திற்கும் அவர் உதவினார். துறவியாக ஆக அனுமதி கிடைக்காதவர், துறவியருக்கு உணவளிக்கும் வேலையை எடுத்துக்கொண்டார்.

இன்னொரு வழக்கமும் அவருக்கு இருந்தது. சில இரவுகளில் படுக்கையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வீட்டிலிருந்து புறப்பட்டுவிடுவார். பல்கலைக்கழக செனட் மண்டபத்தின் திறந்த தாழ்வாரத்தில், வீடற்ற ஏழைகளுக்கு நடுவே படுத்து உறங்குவார். தமக்கும் இவ்வுலகில் நிலையான வீடு கிடையாது என்பதை நினைவூட்டிக்கொள்ள அது அவர் கண்ட வழி. விடிந்ததும் வீடு திரும்பி, குடும்பத் தலைவராகவும் ஆசிரியராகவும் தம் கடமைகளைத் தொடர்வார். பணிப்பெண் உவமையை அவர் நடந்து காட்டிய முறை இது. எல்லோருக்கும் ஏற்றது என்று சொல்ல முடியாது. வீட்டில் இருப்பவர்கள் கவலைப்படவும் கூடும். ஆனால் கேட்ட உபதேசத்தை உடம்புக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்ற அந்தத் தீவிரம் அரிதானது.

1897-இல் கதாம்ருதத்தின் சில பகுதிகள் ஆங்கிலத்தில் சிறு வெளியீடுகளாக வந்தன. சுவாமி விவேகானந்தர் படித்துப் பரவசமடைந்து கடிதம் எழுதினார். அன்னை அதே ஆண்டில் வங்காளி மூலத்தைப் படிக்கக் கேட்டு, குருதேவரே பேசுவதுபோல் இருக்கிறது என்று ஆசி வழங்கினார். வங்காளியில் முதல் பாகம் 1902-இல் வெளிவந்தது. நான்காம் பாகம் 1910-இல். ஆங்கிலத்தில் 'ம' தாமே அமைத்த நூல் 1907-இல் நமது சென்னையிலிருந்துதான் வெளிவந்தது. சுவாமி நிகிலானந்தரின் முழுமையான ஆங்கில மொழிபெயர்ப்பு 1942-இல் வந்தபோது 'ம' மறைந்து பத்தாண்டுகள் ஆகியிருந்தன.

பின்னாளில் ஆம்ஹெர்ஸ்ட் தெரு 50-ஆம் எண் வீட்டில் இயங்கிய மார்ட்டன் பள்ளியை 1905-இல் அவர் சொந்தமாக ஏற்றார். மாலைதோறும் மொட்டை மாடியில், துளசிச் செடிகளுக்கு நடுவில் பக்தர்கள் கூடுவார்கள். எந்தப் பேச்சை எடுத்தாலும் அது எப்படியோ குருதேவரிடம் போய் முடியும். அவர் யாருக்கும் குருவாக அமரவில்லை. ஆனால் அந்த மாடியில் வந்து அமர்ந்த இளைஞர்கள் பலர் பிறகு மடத்திற்குச் சென்று துறவியரானார்கள். பரமஹம்ச யோகானந்தர் என்று பின்னர் உலகறிந்த முகுந்தன், சிறுவயதில் தம் தாய் காலமான அதே வீட்டில்தான் இவரைச் சந்தித்தார். 'மாஸ்டர் மகாசயர்' என்று தமது சுயசரிதத்தில் ஓர் அத்தியாயமே எழுதியிருக்கிறார். அன்னையின் அருளுக்காக ஏங்கி வந்த அந்தப் பிள்ளையிடம் இவர் காட்டிய கனிவு, காசிப்பூரில் கற்றுக்கொண்டதாகவே தோன்றுகிறது.

குருபிரசாத் சௌதுரி சந்தில் உள்ள அவரது வீடு இன்று கதாம்ருத பவன் என்று வழங்கப்படுகிறது. முதுமையிலும் அவரது வேலை முடியவில்லை. பழைய நாட்குறிப்புகளில் எடுத்து எழுத வேண்டியவை இன்னும் இருந்தன. கையில் நரம்பு வலி கடுமையாக இருந்தது. 1932 ஜூன் தொடக்கத்தில், பலஹாரிணி காளிபூஜை நாளன்று இரவு, ஐந்தாம் பாகத்தின் அச்சுப்படிகளைத் திருத்திக்கொண்டிருந்தார். இரவில் வலி அதிகரித்தது. ஜூன் 4 விடியற்காலையில், குருவையும் அன்னையையும் வேண்டியபடி, எழுபத்தெட்டாம் வயதில் அவர் உடலை நீத்தார். அவர் திருத்தி வைத்த அச்சுப்படிகள் அச்சகத்திற்குச் சென்றன. ஐந்தாம் பாகம் அவ்வாண்டிலேயே வெளிவந்தது.